மேட்டில் மட்டும் வந்த சத்தம்

"அண்ணே, வீட்டு அக்காவுக்கு ஒரு கோல் எடுங்க."

பசறையில் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. என் கெப் வண்டியின் பொனட் திறந்து கிடந்தது. மெக்கானிக் நிமல் பாஸ், சவர்க்கார நுரை படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்தபடி இதைச் சொன்னார்.

வண்டியில் சத்தம் வருகிறது என்று கொண்டுபோனவனிடம் மனைவியைப் போனில் கூப்பிடச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்பது போலத்தான் எனக்கு இருந்தது.

"என்ன பாஸ், எஞ்சின் முடிஞ்சிருச்சா?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. அக்காகிட்ட ஒரு பர்மிசன் கேக்கணும்."

எஞ்சினுக்கு ஒன்றும் இல்லையென்றால் அனுமதி எதற்கு? அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் லுணுகலை கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "நீங்க எதுக்குத்தாங்க பயப்பட மாட்டீங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இன்னும் யோசித்து முடியவில்லை.

குறுக்கே கிடந்த பிள்ளை

என் பிழைப்பு மரக்கறி ஏற்றுவது. வெலிமடையில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பதுளை, பசறை வழியாக லுணுகலைக் கடைகளுக்குப் போடுவேன். வீடு லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில்.

வண்டி, முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து பின்னால் மூட்டை ஏற்றும், டேர்போ வைத்த கெப். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுழலும், அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும். சமதரையில் அது இருப்பதே தெரியாது. மூட்டையோடு மேடு ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும். அந்த ஊட்டம் நின்றால் வண்டி வயிறு காய்ந்த மாடு மாதிரி நின்றுவிடும்.

எங்கள் மகள் சுகந்தி அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை, நினைத்த நேரம் வர முடியாது. பதுளை கிளினிக்கில் டொக்டர் அம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார்.

"திரும்பினாலும் திரும்பும். திரும்பலைன்னா ஒபரேசன்தான். சொல்ற திகதிக்கு வந்து வார்ட்ல சேந்திருங்க. அதுக்கு முன்னாடி வலி வந்திச்சின்னா வழியில எங்கயும் நிக்காம நேரே இங்க வந்திருங்க."

நேரே என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து பதுளைக்கு நேராக ஒன்றும் கிடையாது. எல்லாம் வளைவும் மேடும். அதற்கு முந்திய மழையில் தோட்டத்து ஓட்டோ ஒன்று சேற்றில் புதைந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பக்கத்து வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் மழையிலும் இறங்கக்கூடிய வண்டி என்னுடையது ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். என் மனைவி பாக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், பசறை தாண்டியதும் சொன்னாள்:

"வண்டி இருக்குல்ல. சும்மா கெடங்க."

அன்று பின்னேரமே மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, கதிர்காமத்துக்கு நேர்ந்து, பொனட்டைத் திறக்கச் சொன்னாள். எஞ்சினுக்கு மேலே கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக் கட்டினாள். நூலில் கட்டினால் சூட்டில் கருகிப்போகும் என்று வேலிக் கம்பியில் ஒரு துண்டு எடுத்து, குறட்டால் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"எதுக்குடி இது?"

"வண்டிக்குத்தான். ஒங்க பயத்துக்கு ஒரு மருந்து வேணும்ல."

எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை.

காரம் தின்றவன் மூச்சு

சில நாள் கழித்து, பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் வளைவொன்றில் அந்தச் சத்தம் முதன்முதலாக வந்தது.

என் வண்டியின் சத்தங்களெல்லாம் எனக்குப் பாடம். காலையில் பெல்ட் கீச்சென்று கத்தும், சூடானதும் அடங்கும். புகைக்குழாய்க்கு மேலே இருக்கும் தகரம் பள்ளத்தில் விழுந்தால் சட்டி மூடி மாதிரி கடகடக்கும். டேர்போ தன் பாட்டுக்கு மெல்லிதாக விசிலடிக்கும். வாங்கிய புதிதில் அந்த விசிலுக்கே பயந்து மூட்டையோடு நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன். பிறகு அதுதான் ஆரோக்கியம் என்று புரிந்துகொண்டேன்.

இது வேறு. உஸ்ஸ் என்று, கொச்சிக்காயைக் கடித்தவன் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பானே, அந்த மாதிரி. மேட்டில் அழுத்தினால் வரும். காலை எடுத்தால் போய்விடும். அது வரும்போதெல்லாம் வண்டி இழுவை குறைந்து, பின்னால் கறுப்பாகப் புகை தள்ளியது.

வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் குறட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"லூசாக் கெடந்திச்சு. சாமி காரியம் லூசா இருக்கலாமா?"

ஸ்டோர் நின்றால்

இப்படிச் சத்தத்துக்குக் காதைக் கொடுக்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

நான் பிறந்த லயம் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே. நாங்கள் அதை ஸ்டோர் என்போம். அப்பாவுக்கு அங்கே கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை. அந்த மெசினின் உறுமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் எப்போதும் இருக்கும். கையை வைத்தால் சுவர் லேசாக அதிரும்.

அந்தச் சத்தம் ஓடும்வரை யாருக்கும் அது காதில் விழாது. நின்றால்தான் விழும். சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா அகப்பையைப் பிடித்த கையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். லயத்தில் ஸ்டோரில் ஆள் இருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படியே வாசலில் நிற்பார்கள். மறுபடி உறுமத் தொடங்கியதும், யாரும் யாரையும் பார்க்காமல் உள்ளே போவார்கள்.

பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். அப்பா கடைசிவரை பத்து விரலோடுதான் வீடு வந்தார். ஆனால் அம்மாவின் அந்த நிற்பு என் உடம்பில் ஒட்டிக்கொண்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கணக்கும் இங்கிலீசும் வாத்தியார் பிரம்பும் மறந்துபோயின. வாசலில் நின்று காது கொடுக்கும் அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

கும்பிட்டுவிட்டுத் தேடினார்கள்

முதலில் பதுளையில் ஒரு கராஜுக்குப் போனேன். முதலாளி, நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர். பொனட்டைத் திறந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பிறகு அதைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினேன். வண்டி பூனைக்குட்டி மாதிரி நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

"சத்தம் எங்க?"

"மேட்டுல வரும்ங்க."

"மேட்டுக்கு நான் கராஜையா தூக்கிட்டுப் போறது?" என்று சிரித்தார். கடைசியில், புகை தள்ளுகிறதென்றால் டேர்போ தேய்ந்திருக்கும், வேறு போட வேண்டும் என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, டேர்போ போச்சு என்றேன். பாக்கியம் குறட்டை எடுத்தாள்.

அடுத்து ஹாலிஎலயில் எனக்குத் தெரிந்த ஒரு லொறி டிரைவர் பார்த்தார். அவரும் மஞ்சள் துணிக்கு மேலே கை படாமல், நெருப்பைச் சுற்றிப் போவதுபோல் கையை வளைத்து வளைத்துப் போய்த் தேடினார். பெல்ட்டை மாற்றச் சொன்னார். மாற்றினேன். காலைக் கீச்சல் நின்றது. மேட்டுச் சத்தம் நிற்கவில்லை. வீட்டில் இன்னொரு முறுக்கு.

சத்தமும் நாளுக்கு நாள் கூடியது. மூட்டையைக் குறைத்து ஏற்றினேன். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வளைவில் வண்டி நிற்பதும், உள்ளே சுகந்தி இருப்பதும்தான் தெரிந்தது.

"அப்பா, எனக்கு வலி வருதோ இல்லியோ, ஒங்க மூஞ்சியைப் பாத்தாலே வந்திரும் போல இருக்கு," என்றாள் சுகந்தி.

காதில் குழாய்

நிமல் பாஸைப் பற்றிச் சொன்னது லுணுகலைக் கடைக்காரர். பசறையில் பிறந்து வளர்ந்த சிங்களவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ். போனில் விசாரித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"மேட்டுலதான் வருதுன்னா காலி வண்டியைக் கொண்டாந்து என்ன செய்ய? மூட்டையோட வாங்க அண்ணே."

வெலிமடையிலிருந்து லோடோடு போனேன். அவர் பொனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயில் ஒரு நீளம் வெட்டி, ஒரு முனையை எஞ்சின் பக்கத்தில் கட்டிவிட்டு, மறு முனையை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டார்.

"போங்க. மேட்டைப் பாத்து நல்லா அமுக்குங்க."

வாயில் வெற்றிலை, காதில் குழாய். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உஸ்ஸ் வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரோட்டைப் பாருங்க அண்ணே. மூஞ்சியில ஒண்ணும் எழுதியில்ல."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, குழாய் முனையை டேர்போ பக்கமிருந்து வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினார். மறுபடி ஏறினோம். மறுபடி நிறுத்தி மாற்றினார். பிறகு காதிலிருந்து குழாயை எடுத்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"டேர்போ நல்லாப் பாடுது. அது ஊதுற காத்துத்தான் வழியில எங்கயோ ஒழுகுது."

கராஜுக்குத் திரும்பினோம். காற்று உள்ளே போகும் வாயை ஒரு மூடியால் அடைத்து, டயருக்கு அடிக்கும் காற்றைக் கொஞ்சமாக உள்ளே விட்டார். சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தோய்த்து, ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு பொருத்தாகத் தடவிக்கொண்டே வந்தார்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, எஞ்சினுக்குக் குறுக்கே மேலே ஓடும் தடித்த கறுப்புக் குழாய்க்கு வந்தார்.

மஞ்சள் துணிக்கு அடியிலிருந்து நுரை பொங்கியது. பால் காய்ந்து வருவதுபோல் துணியைத் தூக்கிக்கொண்டு பொங்கியது.

முறுக்க முறுக்க, வேலிக் கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. சும்மா நிற்கும்போது அந்த வெட்டு மூடியிருக்கும். மேட்டில் காற்று அழுத்தும்போது வாய் திறக்கும். நான் ஒவ்வொரு தடவை சத்தம் என்று புலம்பியபோதும், பாக்கியம் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கியிருக்கிறாள். பார்த்த எல்லாரும் அந்த ஓர் இடத்தை மட்டும் கும்பிட்டு விலகியிருக்கிறோம்.

நிமல் பாஸ் அந்தத் துணியைத் தொடவில்லை. தூரிகையைக் கீழே வைத்தார். நுரைக்கு அர்த்தம் விளங்காமல் நான் நின்ற அப்போதுதான், வீட்டு அக்காவுக்குக் கோல் எடுக்கச் சொன்னார்; மற்றதைப் பிறகு விளக்கினார்.

கம்பியை வெட்டாமல்

போனில் விசயத்தைச் சொன்னேன்.

"அவுக்கக் கூடாது," என்றாள் பாக்கியம். "புள்ள பொறந்து, கதிர்காமத்துல போயித்தான் அவுக்கணும். நடுவுல அவுத்தா நேர்ந்ததுக்கு அர்த்தமே இல்ல."

"குழாய் அறுந்துபோச்சுடி."

"குழாய் வேற வாங்கலாம்."

போனை நிமல் பாஸ் வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நான் நிமல். எங்க வீட்டுலயும் பண்டுரு கட்டுவோம், எனக்குத் தெரியும்." கதிர்காமத்துக்கு நேர்ந்து முடியும் காசைச் சிங்களத்தில் பண்டுரு என்பார்கள். "முடிச்சையும் அவுக்க மாட்டேன், கம்பியையும் வெட்ட மாட்டேன். குழாயைத்தான் வெட்டப்போறேன். கம்பி வளையல் மாதிரி முழுசா வந்திரும். அதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா?"

அவள் என்ன சொன்னாளோ, அவர் சிரித்தார். "இல்லக்கா, இனி முறுக்க வேணாம். அண்ணன்கிட்டக் குறட்டை ஒளிச்சு வைக்கச் சொல்றேன்," என்றார்.

குழாயைக் கழற்றி, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிளேடால் அறுத்து, நடுவில் இருந்த ரப்பர் வளையத்தை மட்டும் நோகாமல் பிதுக்கி எடுத்தார். கம்பி, துணி, காசு எல்லாம் முடிச்சுக் குலையாமல் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

புதுக் குழாய் பதுளைக் கடையில் இருந்தது. போனில் சொன்னதும் பேப்பரில் சுற்றி பசறை பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் தம்பி மிதிபலகையில் நின்றபடி, "யாரோட பாம்பு இது?" என்று தூக்கிக் காட்டினான். ஏதாவது கொடுக்கப் போனேன். "சீட்டுல ஒக்காராம வந்ததுக்கு டிக்கட் இல்ல மாமா," என்று போய்விட்டான்.

அன்று லோடோடு மேடு ஏறினேன். மெல்லிய விசில் மட்டும் கேட்டது. கண்ணீர் வந்தது எனக்கு. அதே வேகத்தில், அடுத்து என்ன சத்தம் வருமோ என்ற யோசனையும் வந்தது. அது என் குணம்.

கம்பி வளையத்தை எங்கே வைப்பது என்று வீட்டில் பெரிய ஆலோசனை. இனி எதையும் அறுக்க முடியாத இடமாக, கியர் கம்பியில் மாட்டினோம்.

வழியில் நிற்காமல்

சொன்ன திகதிக்கு முன்பே வலி வந்துவிட்டது. காலை நேரம், நல்ல மழை. சுகந்தி ஜன்னல் பக்கம், பாக்கியம் நடுவில், நான் ஸ்டியரிங்கில்.

பாக்கியத்தின் ஒரு கை மகளின் தோளைச் சுற்றியிருந்தது. மற்றக் கை கியர் கம்பியில் தொங்கிய மஞ்சள் துணியைப் பிடித்திருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் என் கை அவள் கைமேல் பட்டது.

"கையை எடு பாக்கியம்."

எடுக்கவில்லை. அவள் கையையும் சேர்த்துப் பிடித்துத்தான் கியர் மாற்றினேன்.

பசறையில் நிமல் பாஸ் கராஜ் வாசலில் நின்றிருந்தார். வண்டி வருவதைச் சத்தத்திலேயே கண்டுகொண்டாராம், பிறகு சொன்னார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டி, போ போ என்று கை காட்டினார்.

அதற்கப்புறம் வந்த மேட்டில், நல்ல ஏற்றத்தில், மறுபடி அந்தச் சத்தம் வந்தது. உஸ்ஸ்.

காலை எடுத்தேன். சத்தம் போகவில்லை. பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் அதே சத்தம், ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது நான். நீங்க அமுக்குங்க."

அமுக்கினேன். என் பிள்ளையின் மூச்சும் டேர்போவின் விசிலும் சேர்ந்தே அந்த மேட்டை ஏறின.

பதுளையில் அவளை வாங்கி உள்ளே கொண்டுபோனவர்கள், ஒபரேசன் செய்தவர்கள், யார் பெயரும் எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். மழை விடுவதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்து, பெண் பிள்ளை என்றார். அது வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"மிஸ், இந்தச் சத்தம் சரியா இருக்குங்களா?" என்றேன்.

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்பச் சரியா இருக்கு அய்யா," என்றார்.

கதிர்காமத்தில்

பேத்திக்கு முடி இறக்கக் கதிர்காமம் போனோம். கியர் கம்பியிலிருந்து வளையத்தைக் கழற்றிக்கொண்டு பாக்கியம் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். குறட்டை நான்தான் கொடுத்தேன். மொட்டைத் தலைப் பேத்தி என் தோளில்.

கடைசியாக முறுக்கியதுதானே முதலில் பிரியும். பிரிக்கப் பிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது நீங்க சோறு எறங்கலன்னு எந்திரிச்சிப் போன அன்னைக்கு. இது பெல்ட் மாத்திட்டு வந்த அன்னைக்கு. இது டேர்போ போச்சுன்னு வாசல்ல ஒக்காந்தீங்களே, அன்னைக்கு. இது மொதமொதல்ல சத்தம்னு வந்து சொன்ன அன்னைக்கு."

சுகந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். என் பயத்தையெல்லாம் ஒருத்தி இப்படி முறுக்கி முறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடியில் ஒரு முறுக்கு பாக்கி இருந்தது. முதன்முதலில், கிளினிக் போய்வந்த பின்னேரம் கட்டியது. அதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் குறட்டை வைத்துத் திருகினாள்.

"இது எதுக்கு? இதுவும் எனக்குத்தானே?"

கம்பி பிரிந்தது. காசைத் துணியோடு நெற்றியில் வைத்து எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லங்க. அது எனக்கு."